கட்டம் போட்ட கைலி

பரவையில் எங்கள் வீட்டு ஆண்கள் அந்தி சாய்ந்ததும் கைலிக்கு மாறிவிடுவார்கள். விருந்தினர் வந்துவிட்டாலோ அவசர அவசரமாக முழுக்கால் சட்டையைத் தேடுவார்கள். அத்தகைய கட்டங்களே அயல்நாட்டுப் பெயர் தாங்கிய சட்டையாக வரும்போது, பெருநாளுக்கென்று விலை பாராமல் வாங்குகிறோம்! இம்முரண்பாட்டை நாம் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும்.

மலாய் மக்கள் கைலியைப் 'பெலிக்காட்' என்பர். நம் பழவேற்காட்டுத் துறைமுகத்தின் பெயரே அங்ஙனம் மருவிற்று. கடல் கடந்த துணி வாணிபத்தின் சுவடு அது.

1958-ஆம் ஆண்டில் ஏற்றுமதியாளர் கேப்டன் கிருஷ்ணன் நாயர், சாயம் கரையும் மதராஸ் கட்டத் துணியை வில்லியம் ஜேக்கப்சன் என்னும் அமெரிக்க வணிகருக்கு விற்றார். குளிர்ந்த நீரில் மெல்ல அலச வேண்டும் என்று எச்சரித்ததாக நாயர் பின்னாளில் விவரித்துள்ளார். அவ்வெச்சரிக்கை புரூக்ஸ் பிரதர்ஸ் கடையின் வாடிக்கையாளரை எட்டவில்லை. சாயம் ஓடியது, புகார்கள் குவிந்தன. பிறகு, 'சாயம் கரைவது உறுதி' என்றே விளம்பரம் செய்தனர், குறையே நாகரிகமாயிற்று! இன்றும் கோடைதோறும் மேனாட்டுக் கடைகளில் மதராஸ் கட்டங்கள் தலைகாட்டுகின்றன.

பண்டத்தின் தன்மையைச் சொல்லி விற்பது வாணிப ஒழுக்கம். நெய்தவரை நினைப்பது அதனினும் மேலான ஒழுக்கம். இரு வடிவமைப்பாளர்கள் கைகோத்தால், சட்டையின் உட்கழுத்தில் இருவர் பெயரும் மின்னுகின்றன. தறியில் குனிந்தவர் பெயருக்கோ அங்கே இடமில்லை.

வரும் பெருநாளுக்குப் பிள்ளைகளுக்குத் துணி எடுக்கையில், இது யார் தறியில் பிறந்தது என்று கடைக்காரரிடம் கேட்போம். கைத்தறிக் கட்டத்தை விருந்தினர் முன் உடுத்தக் கூசாதிருப்போம்.