சுணை நீக்கும் கைகள்: எப்ரோ கரையின் போரேஜ் தோட்டங்கள்

ஸ்பெயின் நாட்டின் வடகிழக்கில், பிரனீஸ் மலைத்தொடருக்குத் தெற்கே எப்ரோ ஆறு பாயும் அரகோன் பகுதியிலும், அதனை அடுத்துள்ள நவார்ரா, லா ரியோஹா பகுதிகளிலும், போரேஜ் என்னும் செடி அன்றாடச் சமையலுக்குரிய காய்கறியாக வீட்டுத் தோட்டங்களிலும் ஆற்றோர வயல்களிலும் பயிராகிறது. நடுநிலக்கடல் நாடுகளைத் தாயகமாகக் கொண்ட இச்செடியை ஐரோப்பாவின் பிற பகுதிகளும் நன்கறியும். எனினும் அங்கெல்லாம் அதற்குக் கிடைத்துள்ள இடம் சிறியது. இங்கிலாந்தில் அதன் நீலப் பூவைக் கோடைக்காலப் பானங்களில் மிதக்கவிடுகின்றனர், விதையிலிருந்து எண்ணெய் எடுக்கவும் வயல்களில் விதைக்கின்றனர். ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில், 2016இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு பெற்ற பச்சை சாஸில் சேரும் ஏழு தழைகளுள் ஒன்றாக அது விளங்குகிறது. இத்தாலியின் லிகூரியாக் கடற்கரையில் மாவுக்குள் பொதியும் பூரணத்தோடு அதன் இலை கலக்கப்படுகிறது. இலைக்காம்பையே முதன்மையாகக் கொண்டு, ஒரு வேளை உணவுக்குப் போதுமான கறியாக இச்செடியை உயர்த்தியவர்கள் எப்ரோ கரையின் தோட்டக்காரர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களுமே ஆவர். அவ்வுயர்வில் மண்ணுக்கும் நீருக்கும் பங்குண்டு என்றாலும் பெரும்பங்கு கையுழைப்புக்கே உரியது என்பதைத் தோட்டம் முதல் அடுப்பு வரை இக்காய்கறியோடு செல்பவர் உணர்வார்.

அரகோன் மக்கள் பொர்ராஹா என்றழைக்கும் இச்செடி ஓராண்டுப் பயிராகும். முதலில் இலைகள் தரையை ஒட்டி வட்டமாக விரிந்து, பின்னர் நடுவிலிருந்து பூந்தண்டு எழும்பி, ஐந்து முனை நட்சத்திரம் போன்ற பூக்கள் தலைகவிழ்ந்து தொங்கும். தமிழ்நாட்டுத் தரிசு நிலங்களில் காணப்படும் கவிழ்தும்பையும் தேள்கொடுக்கும் இதற்கு நெருங்கிய சுற்றமே. ஆனால் ஆங்கில நூல்களில் இந்திய போரேஜ் என்று குறிக்கப்படும் கற்பூரவல்லி துளசிக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆகையால் ஒன்றுக்குரிய பக்குவத்தையோ மருத்துவக் குறிப்பையோ மற்றொன்றுக்குப் பொருத்துதல் கூடாது. போரேஜின் தண்டு, காம்பு, இலை ஆகிய எல்லாவற்றையும் வெண்ணிறச் சுணை மூடியிருக்கிறது. இச்சுணை பருத்திச் சுணையைப் போல மென்மையானதன்று. சுண்ணமும் சிலிக்காவும் ஏறி விறைத்தது என்பதால், முற்றிய செடியை வெறுங்கையால் பற்றுவோரின் தோலில் குத்தி அரிப்பை உண்டாக்கும். இந்தச் சுணையே இப்பயிரைச் சார்ந்த தொழிலின் மையம்.

அரகோனின் தலைநகரான சரகோசாவில் ஆண்டுக்குச் சுமார் 320 மில்லிமீட்டர் மழையே பெய்கிறது. வடமேற்கிலிருந்து வீசும் சியெர்சோ என்னும் வறண்ட குளிர்காற்று இலையின் ஈரத்தை உறிஞ்சிவிடும். அத்தகைய நிலத்தில் நீர்ச்சத்து மிகுந்த ஒரு காம்புக் காய்கறி விளைகிறதென்றால், அதற்கு ஆறுகளும் வாய்க்கால்களுமே துணை. எப்ரோவோடு கால்யெகோ, உவெர்வா ஆறுகள் கூடுமிடத்தில் அமைந்த நகரைச் சுற்றி, முஸ்லிம் ஆட்சிக் காலத்தில் விரிவடைந்த பாசன வாய்க்கால்களும், 18ஆம் நூற்றாண்டில் ரமோன் பிக்னத்தெல்லியின் மேற்பார்வையில் வெட்டப்பட்ட அரகோன் பேரரசக் கால்வாயும் உவெர்த்தா எனப்படும் தோட்ட நிலத்தை வளர்த்தன. முறை வரும்போது மடை திறந்து பாத்திக்கு நீர் பாய்ச்சும் பழைய வழக்கம் இன்னும் அழியவில்லை. அதன் அருகிலேயே சொட்டுநீர்க் குழாய்களும் நெகிழித்தாள் வேய்ந்த கூடங்களும் வந்துவிட்டன. கூடத்துக்குள் காற்றும் உறைபனியும் தாக்காததால் காம்பு நீண்டும் மென்மையாகவும் வளர்கிறது.

வீட்டுத் தோட்டத்தில் போரேஜ் வளர்ப்பது கடினமன்று. அதற்குப் பருவம் அறிதலே முக்கியம். நீண்டு இறங்கும் ஆணிவேர் கொண்ட செடி என்பதால், நாற்றுவிட்டுப் பிடுங்கி நடுவதைக் காட்டிலும், விதையை நேரே பாத்தியில் ஒரு விரற்கடை ஆழத்தில் ஊன்றுவதே சிறந்தது. வெயில் தணியத் தொடங்கும் ஆகஸ்டு இறுதியிலும் செப்டம்பரிலும் விதைத்தால், ஒன்றிரண்டு வாரங்களில் முளைத்து, இலையுதிர் காலத்தின் குறுகிய பகலில் நிதானமாகக் காம்பு பருக்கும். முளைத்தவற்றுள் நலிந்தவற்றைக் களைந்து, செடிக்குச் செடி ஏறக்குறைய ஒரு முழம் இடைவெளி விட வேண்டும். நெருக்கிவிட்டால் காம்பு மெலிந்து நாரோடும். பகல் நீளும் வசந்தத்தில் செடி விரைந்து தண்டுவிட்டுப் பூக்கத் தொடங்கும். அதன்பின் காம்பு கடினமாகிக் கறிக்கு உதவாது. இக்குறையைக் குறைப்பதற்காக, தண்டுவிடத் தாமதிக்கும் செடிகளையே தேர்ந்து விதை காத்ததன் பயனாக வெள்ளைப் பூப் பூக்கும் காய்கறி வகைகள் உருவாயின. அவற்றுள் நன்கறியப்பட்டது, சரகோசாவை ஒட்டிய மொவேரா என்னும் தோட்டப் பகுதியின் பெயரைத் தாங்கியது.

அறுவடையில் செடியை வேரோடு பிடுங்காமல், தரைமட்டத்தில் கத்தியால் ஒரே வெட்டாக வெட்டி, அடிக்கட்டை பிரியாமல் முழுக்கொத்தாக எடுக்கின்றனர். வெளிச்சுற்றில் பழுத்த இலைகள் அங்கேயே கழிக்கப்பட்டு மண்ணுக்குத் திரும்புகின்றன. விரைவில் வாடும் தன்மையுடையதால், காலையில் வெட்டியது அன்றே சந்தைக்குப் போவது நல்லது. 1903இல் திறக்கப்பட்ட சரகோசாவின் மத்தியச் சந்தை முதல் தெருமுனைக் காய்கறிக் கடை வரை, கொத்துக் கொத்தாக நிற்கும் போரேஜ் குளிர்காலத்தின் இயல்பான காட்சி.

கொத்து வீட்டுக்கு வந்த பிறகே உண்மையான வேலை தொடங்குகிறது. அடிக்கட்டையை நறுக்கியதும் காம்புகள் தனித்தனியாகப் பிரியும். ஒவ்வொரு காம்பிலும் இருபுறமும் இறங்கியிருக்கும் இலைப்பரப்பைக் கத்தி நுனியால் சீவி ஒதுக்க வேண்டும். பின்னர் வாழைத்தண்டுக்கு நார் எடுப்பது போல, காம்பின் ஒரு முனையில் சிறிது கீறிப் பிடித்து இழுத்தால் மேல்தோலின் நாரும் அதனோடு ஒட்டிய சுணையும் நூலாக உரிந்து வரும். எஞ்சிய சுணையை ஓடும் நீருக்கடியில் கத்தியின் மழுங்கிய புறத்தாலோ, பாத்திரம் தேய்க்கும் நாராலோ, முரட்டுத் துணியாலோ தேய்த்து நீக்குகின்றனர்; சிலர் கல்லுப்பைத் தூவித் தேய்ப்பதும் உண்டு. உட்குழிவான பக்கத்தில் சுணை பதுங்கியிருப்பதால், கட்டைவிரலை அக்குழிவில் வைத்து அடியிலிருந்து நுனிவரை ஓட்டிப் பார்த்து, சொரசொரப்பு எங்கும் தட்டுப்படவில்லை என்று உறுதியான பின்னரே அடுத்த காம்பை எடுக்கும் கைப்பழக்கம், ஏட்டைப் படித்து வருவதன்று. தேய்க்கத் தேய்க்கக் காம்பு வெண்பச்சையாகி மின்னும். தேய்ப்பவரின் விரல்களில் கறை ஏறிக் கறுக்கும். நறுக்கிய துண்டுகளை எலுமிச்சைச் சாறு கலந்த நீரில் இட்டால் அவை கறுக்காமல் இருக்கும்.

இவ்வளவுக்குப் பின் கிடைப்பது, வாங்கிய கொத்தின் எடையில் ஒரு பகுதியே. இக்காய்கறி எப்ரோ கரைக்கு வெளியே பரவாததற்கு அதன் சுவையைக் குறைகூறுவது பொருந்தாது. வெள்ளரியை நினைவூட்டும் மென்மணமும் வழவழப்பும் கொண்ட அதனை ஒருமுறை நன்கு சமைத்து உண்டவர் எளிதில் விடுவதில்லை. தடையாக நிற்பது சுத்தம் செய்யும் நேரம். அந்நேரத்தைத் தலைமுறைகளாகக் கூலியின்றித் தந்தவர்கள் வீட்டுப் பெண்கள் என்பதும், வேலைக்குச் செல்லும் பெண்கள் பெருகியபோது அந்நேரம் இல்லாது போயிற்று என்பதும் வேளாண்மை பற்றிய நூல்களில் போதிய அழுத்தத்துடன் சொல்லப்படுவதில்லை. இன்று கழுவி நறுக்கிய போரேஜ் பைகளிலும், வேகவைத்தது கண்ணாடிக் குப்பிகளிலும் விற்கப்படுவதால், அவ்வுழைப்பு சமையலறையிலிருந்து பொதிகட்டும் கூடத்துக்கு இடம் மாறியிருக்கிறது. அங்கும் குளிர்நீரில் நனைந்த கைகளின் வேலை முற்றிலும் நீங்கிவிடவில்லை. கொத்தாக வாங்கும்போது அற்ப விலைக்கு விற்கும் பொருள், சுத்தம் செய்த வடிவில் பன்மடங்கு விலை பெறுவது நியாயமே. முன்னர்க் கணக்கில் ஏறாதிருந்த உழைப்பின் மதிப்பு அது.

சமையல் எளிமையானது. உப்பிட்ட கொதிநீரில் காம்புத் துண்டுகளை உருளைக்கிழங்கோடு கால் மணி நேரம் போல வேகவைத்து, வடித்து, மேலே பச்சையாக ஆலிவ் எண்ணெய் ஊற்றி உண்பதே வீட்டு வழக்கம். அரிசியோடும் மட்டிச் சிப்பியோடும் சேர்த்துச் சமைப்பது உணவகங்களில் புகழ்பெற்றது. ஒதுக்கிய இலைகளுள் இளந்தளிர்கள் வீணாவதில்லை. முட்டை, பால், மாவு ஆகியவற்றைக் கரைத்த கலவையில் தோய்த்து எண்ணெயில் பொரித்து, சர்க்கரை தூவி கிரெஸ்பீயோ என்னும் இனிப்புப் பலகாரமாக்குகின்றனர். பார்பாஸ்த்ரோ ஊரைச் சூழ்ந்த சொமொந்தானோ வட்டாரத்தில் மார்ச் 25ஆம் நாள் வரும் மரியாள் திருநாளையொட்டி இது சிறப்பாகச் செய்யப்படுகிறது. ஆலிவ் மரங்கள் அந்நாளில் கருக்கொள்கின்றன என்பது அவ்வட்டார நம்பிக்கை. பூவைச் சாலட்டில் சேர்க்க விரும்புவோர், சுணை மிகுந்த புல்லிவட்டத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, நடுவில் கூம்பாகத் துருத்தும் கரிய மகரந்தப்பைகளைப் பற்றி மெல்ல இழுத்தால் இதழ்வட்டம் முழுதாகக் கழன்று வரும்.

ஓர் எச்சரிக்கையும் இங்கே உரியது. போரேஜில் பைரோலிசிடின் ஆல்கலாய்டுகள் எனப்படும், கல்லீரலுக்குத் தீங்கு செய்யக்கூடிய சேர்மங்கள் சிறிதளவு உள்ளன. எனவே இலையை மருந்தென்று கருதி நாள்தோறும் மிகுதியாக உண்பதையும், கர்ப்பிணிகளும் கல்லீரல் நோயுடையோரும் உண்பதையும் தவிர்ப்பது நல்லது.

விதைக்கென விடப்படும் செடிகள் பாத்தியின் ஓரத்தில் வசந்தம் முழுதும் நிற்கின்றன. பெருவண்டுத்தேனீக்கள் கவிழ்ந்த பூவைப் பற்றித் தொங்கி, உடலை அதிரச்செய்து மகரந்தத்தை உதிர்க்கின்றன. வேலியோரம் தானாக முளைக்கும் நீலப்பூச் செடிகளின் மகரந்தமும் அவ்வாறே வந்து கலக்கும் என்பதால், வெள்ளைப்பூ வகையின் தூய்மையைக் காக்க எண்ணுவோர் நீலத்தைப் பூப்பதற்கு முன்பே களைந்துவிடுகின்றனர். ஒவ்வொரு பூவும் நான்கு கரிய விதைகள் வரை தரும். அவை ஒருசேர முற்றாமல், முற்றிய உடனே உதிர்ந்துவிடும். ஆகவே செடியின் அடியில் துணி விரித்து, சில நாள்களுக்கு ஒருமுறை உலுக்கி விதை சேர்ப்பதே வழி. எறும்புகள் இழுத்துச் சென்றவையும் துணிக்குத் தப்பியவையும் இலையுதிர் காலத்தில் தோட்டமெங்கும் முளைக்கும். அவற்றை முளைத்த இடத்திலேயே விட்டு வளர்ப்பவர்களுக்கு, விதைத்த பாத்தி ஆயத்தமாகும் முன்பே முதல் கொத்து கிடைத்துவிடுகிறது.