போகாமல் இருந்தேன்

படித்து முடித்த பிறகும் பல ஆண்டுகள் என் பல்கலைக்கழக வளாகத்துக்குப் போய்க்கொண்டே இருந்தேன். அங்கிருந்த தமிழ் மன்றத்துக்கும் லினக்ஸ் குழுவுக்கும் நான் தொண்டு செய்வதாகப் பலரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். அதில் பாதி உண்மை. மீதிப் பாதியை இப்போது சொல்லியாக வேண்டும். எனக்குப் பின்னால் வந்த பிள்ளைகள் தாங்களாகச் செய்து பார்த்திருக்க வேண்டிய வேலைகளை அவர்கள் கையிலிருந்து வாங்கி நானே செய்தேன். உதவி என்ற பெயரில் செய்ததால் அவர்களால் மறுக்கவும் முடியவில்லை.

2007-இல் படிப்பு முடிந்தது. சென்னையில் வங்கி மென்பொருளைச் சோதிக்கும் வேலை கிடைத்தது. சனிக்கிழமை விடிந்தால் வளாகத்தில் இருப்பேன். மன்றத்துக்கு ஓர் ஆண்டு மலர் உண்டு. அறிவிப்புப் பலகையில் மாதம் ஒரு கையெழுத்துப் பத்திரிகையும் வரும். லினக்ஸ் குழுவினர் ஆய்வகத்தின் மூலையில் கூடுவார்கள், புதிதாக வந்த மாணவர்களின் மடிக்கணினியில் லினக்ஸ் நிறுவிக் கொடுப்பார்கள். இரண்டு இடத்திலும் பெரும்பாலும் ஒரே முகங்கள்தான். கணினியில் தமிழைச் சரியாகத் தெரியவைக்க வேண்டும் என்று மெனக்கெட்டவர்களில் பலர் கதையோ கவிதையோ எழுதுகிறவர்களாக இருந்தார்கள்.

பழைய மாணவர் ஒருவர் கூடவே இருப்பதற்கு நியாயம் இல்லாமல் இல்லை. மாணவர் அமைப்புகளின் ஞாபகம் மிஞ்சிப்போனால் நான்கு ஆண்டு. மூன்றாம் ஆண்டில் ஒருவன் வேலை கற்றுத் தேறுவான், நான்காம் ஆண்டில் வேலைவாய்ப்பு நேர்காணலுக்கு ஓடுவான், அடுத்த ஜூனில் காணாமல் போவான். அச்சகத்தில் காகிதத்துக்கு என்ன விலை பேசினோம், எந்தப் பேராசிரியரிடம் கையெழுத்து வாங்கினால் நிதி நகரும், ஆய்வகக் கணினியில் எது எங்கே இருக்கிறது என்பதெல்லாம் அவனோடு போய்விடும். இதைத் தாங்கிப் பிடிக்க யாராவது வேண்டும். அந்த யாராவது நான்தான் என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். எழுதி வைத்திருந்தால் ஒரு நோட்டுப் புத்தகம் தாங்கியிருக்கும் விஷயங்கள் அவை. நான் எழுதி வைக்கவில்லை.

மலரின் பழைய இதழ்களை எண்மப்படுத்துவதுதான் எங்கள் பெரிய திட்டம். தொண்ணூறுகளின் நடுவிலிருந்து மலர், வளாக வாசலுக்கு எதிரே இருந்த டிடிபி சென்டரில் பேஜ்மேக்கரில் உருவானது. ஆண்டுக்கு ஒரு எழுத்துரு. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப் குறியேற்றங்களும் தமிழ் 99 விசைப்பலகையும் வந்தன. ஆனால் அச்சுக்கடைக்காரர்கள் கைக்குப் பழகிய பாமினியையும் அதுபோன்ற எழுத்துருக்களையும் விடவில்லை. அந்த எழுத்துருக்களில் தமிழ் என்பதே ஒரு வேடம். கணினியைப் பொறுத்தவரை அங்கே இருப்பவை ஆங்கில எழுத்துகள். ‘ஜே’ இருக்கும் இடத்தில் ‘த’ என்ற உருவம், ‘கே’ இருக்கும் இடத்தில் ‘ம’ என்ற உருவம். எழுத்துருவை எடுத்துவிட்டால் பக்கம் முழுக்க அர்த்தமற்ற ஆங்கிலக் குப்பை. யூனிகோடில் தமிழ் 1991 முதலே இருந்தது. தமிழ்நாடு அரசு அதை முறைப்படி ஏற்றது 2010-இல். எங்கள் கையில் இருந்ததோ அதற்கு முந்தைய காலத்துக் கோப்புகள். மாற்றாவிட்டால் தேட முடியாது, சில ஆண்டுகளில் திறக்கவும் முடியாது.

மாற்றுவதற்குப் பைதானில் ஒரு நிரல் எழுதினேன். பார்க்க எளிது, உள்ளே சிக்கல். பழைய எழுத்துருவில் ‘கொ’ என்பது மூன்று துண்டு: முதலில் கொம்பு, அப்புறம் க, கடைசியில் கால். கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே தட்டச்சு செய்வார்கள். யூனிகோடில் க முதலில் வரும், ஒகரக் குறி ஒரே துண்டாகப் பின்னால் ஒட்டும். எனவே நிரல் கொம்பைப் பார்த்ததும் காத்திருக்க வேண்டும், அடுத்த மெய்யைத் தாண்டிப் பார்த்து அங்கே கால் இருக்கிறதா என்று அறிந்த பிறகே முடிவு செய்ய வேண்டும். ஔகாரம் இன்னும் மோசம். அதன் பின்பாதிக் குறியும் ள என்ற எழுத்தும் பழைய எழுத்துருவில் ஒரே விசை. ‘மௌனம்’ என்பதில் வருவது குறி, ‘வெள்ளம்’ என்பதில் வருவது எழுத்து. கணினிக்கு இரண்டும் ஒன்று. என் நிரல் ‘வெள்ளம்’ என்பதை ‘வௌ்ளம்’ என்று சிதைத்துத் துப்பியது. அப்படிச் சிதையும் ஒவ்வொரு சொல்லையும் நான் ஒரு பட்டியலில் சேர்த்துக்கொண்டே போனேன். பட்டியல் வளர்ந்தது. அந்த வளர்ச்சியை என் உழைப்பின் அடையாளமாகக் கருதிப் பெருமைப்பட்டேன்.

இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் அதைப் பார்த்துவிட்டு ஒரு சனிக்கிழமை வந்தான். “அண்ணா, லிஸ்ட்டே வேணாம்னு நினைக்கிறேன். ள-வுக்கு அடுத்து புள்ளியோ காலோ கொக்கியோ வந்தா அது எழுத்து. ஒண்ணும் வரலைன்னா ஔ. அநேகமா எல்லாம் இதுலயே அடங்கிருது” என்றான். ஒரே வரியில் எழுதியும் வைத்திருந்தான். அவன் சொன்னது சரி என்று அந்த நொடியே எனக்குத் தெரிந்தது. நான் சொன்ன பதில், “இப்போ அதைத் தொடாதே, வேற எங்கயாவது உடைஞ்சிரும்.” எதுவும் உடையாது. என் பட்டியல் வீண் என்றாகிவிடும், அவ்வளவுதான். அவன் தலையாட்டிவிட்டுப் போனான். அதற்கப்புறம் லினக்ஸ் குழுவுக்கு வருவதைக் குறைத்தான், பிறகு நிறுத்திவிட்டான். பரீட்சை என்று நண்பர்களிடம் சொன்னானாம். நான் கேட்கவே இல்லை.

ஆய்வகத்தில் பழைய மேசைக்கணினி ஒன்றைத்தான் சர்வராக வைத்திருந்தோம். அதன் நிர்வாகக் கடவுச்சொல் என் ஒருவனிடம் மட்டும் இருந்தது. பாதுகாப்புக்காக என்று சொல்வேன். மாணவர்கள் ஏதாவது நிறுவ வேண்டுமென்றால் எனக்குத் தொலைபேசியில் அழைக்க வேண்டும். அலுவலகத்தில் மேலாளர் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது அந்த அழைப்பு வந்தால் வெளியே போய் எடுப்பேன். அந்த அழைப்புகள் எனக்கு எவ்வளவு இனித்தன என்பதை இன்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இதைவிடக் கனமான ஒன்று இருக்கிறது. சாயல்குடிப் பக்கமிருந்து வந்த ஒரு பெண் மலருக்குக் கதை கொடுத்தாள். பதனீர் காய்ச்சிக் கருப்பட்டி போடும் அப்பத்தாவைப் பற்றிய கதை. முழுக்க அப்பத்தாவின் வாய்ப்பேச்சு. புகையில் கண் எரிய நின்று கிண்டுவது, பாகு பதம் வந்ததைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பது, சிரட்டையில் ஊற்றி ஆறவைப்பது என்று கையும் காலுமாக நகரும் எழுத்து. கடைசியில் எடை போட வந்த வியாபாரியோடு அப்பத்தா சண்டை பிடிக்கிறாள். சண்டை நடக்கும்போதே கதை நின்றுவிடுகிறது. எனக்கு அது முடியாத கதையாகப் பட்டது. பெண் ஊருக்குப் போயிருந்தாள், அச்சகம் அவசரப்படுத்தியது. பேச்சை எழுத்துத் தமிழாக்கினேன், ‘நான்’ என்பதை ‘அவள்’ என்றாக்கினேன், கடைசியில் ஒரு பத்தி சேர்த்தேன். அதில் அப்பத்தா அடுப்படியிலேயே செத்துப்போனாள். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி ஒன்றில் அந்தக் கதைக்குப் பரிசும் கிடைத்தது. நான் செய்தது சரி என்பதற்கு அது சாட்சி என்று நினைத்தேன்.

பரிசு வாங்கிக்கொண்டு வந்தவள் என்னிடம் கோபப்படவில்லை. “நல்லாத்தாண்ணே இருக்கு” என்றாள். கொஞ்சம் நின்றாள். “எங்க அப்பத்தா இன்னும் இருக்குண்ணே. இத எப்படிப் போயி அதுகிட்ட வாசிச்சுக் காட்டுறது?”

அதற்கு நான் ஏதோ விளக்கம் சொன்னேன். புனைவு வேறு, நிஜம் வேறு என்கிற மாதிரி. அவள் மலருக்கு மறுபடி எதுவும் தரவில்லை. இறுதியாண்டில் ஒருமுறை வராந்தாவில் எதிர்ப்பட்டபோது “எழுதுறியாம்மா?” என்று கேட்டேன். சிரித்தாள். தனக்கென்று ஒரு மொழியோடு எழுத வந்தவள் அவள். அப்படி ஒருத்தி ஒரு வளாகத்துக்கு எப்போதாவதுதான் வருவாள். அவள் எழுதாமல் போனதற்கு நான் மட்டுமே காரணம் என்று சொல்ல எனக்கு ஆதாரமில்லை. நான் காரணமில்லை என்று சொல்லிக்கொள்ள மனம் ஒப்பவில்லை.

ஏன் இப்படி நடந்துகொண்டேன் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். அலுவலகத்தில் நான் சொல்வதை யாரும் கேட்டதில்லை. வளாகத்தின் படியேறினால் “அண்ணா வந்துட்டாரு” என்ற குரல் வரும். அந்தக் குரலுக்காகவே போனேன். இன்னொன்று, அந்த ஆண்டுகளில் நான் சொந்தமாக ஒரு கதைகூட எழுதி முடிக்கவில்லை. மாணவனாக இருந்தபோது எழுதிய நான்கைந்து கதைகளே என் கணக்கில் இருந்தன. வெளியே சிற்றிதழ்களுக்கு அனுப்பினால் திரும்பி வரும் என்ற பயம். இருபது வயதுப் பிள்ளைகளின் எழுத்தைத் திருத்தும்போது அந்தப் பயம் இல்லை, எழுதுகிற சுகம் மட்டும் இருந்தது. என் கதைகளை அவர்கள் பெயரில் எழுதிக்கொண்டிருந்தேன் என்பதே சரியான விவரிப்பு.

அறியாமல் செய்தேன் என்றும் தப்பிக்க முடியாது. டொனால்ட் கனூத்தைப் பற்றி அதே மாணவர்களுக்கு நான் உரையாற்றியிருக்கிறேன். டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளை எழுதியவர். நிரலை மனிதர் படிக்கும் கட்டுரைபோல எழுத வேண்டும் என்று 1984-இல் வாதிட்டவர். 1986-இல் டெக்கின் மூலநிரல் முழுவதையும் விளக்கத்தோடு ஒரு புத்தகமாகவே அச்சிட்டுக் கொடுத்தார். 1990-இல், இனிப் பிழை திருத்தம் தவிர எதையும் சேர்க்கப் போவதில்லை என்று அறிவித்து ஒதுங்கினார். புதிதாக வேண்டியதை மற்றவர்கள் வேறு பெயரில் கட்டிக்கொள்ளட்டும் என்றார், கட்டினார்கள். இதையெல்லாம் உணர்ச்சியோடு சொன்ன நான் எழுதிய நிரலில் ஒரு வரி விளக்கக் குறிப்புகூட இல்லை. 2018 ஜூலையில் பைதானை உருவாக்கிய கைடோ வான் ரோசம் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். வாரிசு யாரையும் நியமிக்கவில்லை. எப்படி நடத்துவது என்று நீங்களே முடிவு செய்யுங்கள் என்று விட்டார். அந்தச் செய்தியையும் குழுவில் நான்தான் பகிர்ந்தேன்.

அதே ஆண்டு அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. ஊருக்குத் திரும்பினேன், வளாகம் நின்றுபோனது. போக முடியாததில் என் தப்பு இல்லை. அதற்குப் பிறகு செய்ததில்தான் இருக்கிறது. ஆய்வகக் கணினி பழுதாகிப் புது வட்டு போட்டார்கள், புது லினக்ஸ் நிறுவினார்கள். என் நிரல் பைதான் 2-க்கு எழுதியது. 2020 ஜனவரி 1-ஓடு அதற்கான ஆதரவே முடிந்தது. கோப்பிலிருந்து வரும் பைட்டுகளையும் எழுத்துகளையும் பழைய பைதான் கண்டும் காணாமல் கலக்கவிடும், பைதான் 3 விடாது. முதல் பக்கத்திலேயே நிரல் நின்றது. மாணவர்கள் அழைத்தார்கள். “நான் வந்து பார்க்கிறேன்” என்றேன். அடுத்த மாதமும் அதையே சொன்னேன். கடவுச்சொற்களையும் வழிமுறையையும் எழுதி அனுப்ப ஒரு ராத்திரி போதும். அனுப்பவில்லை. அனுப்பிவிட்டால் அழைப்பு வராது. கதைகளைக் கடைசியில் யார் பார்ப்பது என்று தெரியாமல் அந்த ஆண்டு மலரும் வரவில்லை. பத்தாண்டுக்கு மேலாக அந்தப் பொறுப்பை நான் யாருக்கும் விட்டதில்லையே.

இப்போது இருக்கிற மாணவர்கள் என்னைத் தெரியாதவர்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாற்றிகளை எடுத்துத் தங்களுக்கு ஏற்றபடி செதுக்கி மீண்டும் தொடங்கியிருக்கிறார்கள். ஔகாரத்துக்கு அவர்கள் எழுதியிருப்பது அன்று அந்தப் பையன் சொன்ன விதிதான், தாங்களாகவே கண்டுபிடித்திருக்கிறார்கள். என் அலமாரியில் இருந்த குறுந்தகடுகளையும் நெகிழ்வட்டுகளையும் மொத்தமாக அனுப்பிவைத்தேன். நெகிழ்வட்டுகளில் சில படிக்க முடியாமல் போயிருந்தன. அவற்றில் இருந்த இதழ்களின் அச்சுப் பிரதியைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

குறுந்தகடுகளைப் பிரித்தபோது சாயல்குடிப் பெண் முதலில் அனுப்பிய கோப்பு கிடைத்தது. அவளுடைய முகவரியைத் தேடிப் பிடித்து மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அவள் எழுதியபடியே கதையை வெளியிட மாணவர்களிடம் பேசட்டுமா என்றும் கேட்டிருந்தேன். சில வாரம் கழித்துப் பதில் வந்தது. வெளியிட வேண்டாம், கோப்பை மட்டும் அனுப்பிவையுங்கள் அண்ணா, என்னிடம் பிரதி இல்லை என்று எழுதியிருந்தாள். அன்றே அனுப்பினேன். மலரின் எண்மப் பிரதியில் அவள் பெயரில் இருக்கும் கதைக்குக் கீழே, நடையை மாற்றியதும் கடைசிப் பத்தியை எழுதியதும் நான் என்று ஒரு குறிப்புச் சேர்க்க முடியுமா என்று மாணவர்களைக் கேட்டிருக்கிறேன். அவளிடமும் கேட்டுவிட்டுத்தான் செய்வோம் என்று சொல்லியிருக்கிறார்கள்.