இரண்டு பிராங்பேர்ட்

"அண்ணா, பிராங்பேர்ட்டுக்கு வந்திட்டன். உங்களைக் காணேல்லை" என்று தம்பி போன் எடுத்தான். இரவு வேலை முடிந்த கையோடு நாங்கள் இரண்டு பேரும் பிராங்பேர்ட் பெரிய ஸ்ரேசனில்தான் நின்றோம். மேடை மேடையாகத் தேடினோம். "ஆத்துக்கு அங்கால போலந்தாம்" என்று அவன் சொன்னபோதுதான் நெஞ்சு திக்கென்றது.

பிழை எங்களுடையது. பேர்லினுக்குப் பக்கத்து முகாமில் இருந்தவனுக்கு ரிக்கற் எடுத்து அனுப்பியது நாங்கள். இரண்டு பிராங்பேர்ட் வந்தது, மலிவானதை அமத்தினோம். அடைப்புக்குள் 'ஓடர்' என்று கிடந்ததை யார் பார்த்தது? அன்றைக்கு, ஊரில் மோசம்போன அம்மாவின் 31ஆம் நாள். அவன் வந்து சேர மறுநாளாகி விட்டது. படையலில் எடுத்து வைத்த வடை காய்ந்திருந்தது. பேசாமல் அதைச் சாப்பிட்டான்.

நல்லூர் யாழ்ப்பாணத்திலும் உண்டு, பூநகரியிலும் உண்டு என்று தெரிந்த எங்களுக்கே இந்தக் கதி.

பிராங்பேர்ட் என்றால் பிராங்குகள் ஆற்றைக் கடந்த துறை என்று பொருள். மைன் ஆற்றங்கரையில் ஒன்று, ஓடர் ஆற்றங்கரையில் மற்றது. இடையில் 500 கிலோமீற்றருக்கு மேல். 1749இல் கோதே பிறந்ததும், 1871இல் பிரான்சும் ஜேர்மனியும் 'பிராங்பேர்ட் சமாதானம்' எழுதியதும் மைன் கரையில். 1777இல் எழுத்தாளர் கிளைஸ்ட் பிறந்தது ஓடர் கரையில்.

போன கோடையில் தம்பியோடு ஓடருக்குப் போனோம். அமைதியான ஊர். ஆற்றுக்கு அப்பால் இருந்த அதன் பகுதி 1945இல் போலந்துக்குப் போய், சுவுபிற்சே என்று வேறு பெயரோடு வாழ்கிறது. பாலத்தால் நடந்தே போகலாம். ஆனால் அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வராதவர்கள் அதில் கால் வைக்க வேண்டாம். மரியன் தேவாலயத்துப் பழைய கண்ணாடி ஓவியங்கள் போருக்குப் பின் ரஷ்யாவுக்குக் கொண்டு போகப்பட்டவை. 2002இல் பெரும்பகுதியும் 2008இல் மிச்சமும் திரும்பி வந்தன. அத்தனை வருசம் கழித்தும் சொந்த இடத்துக்கு வந்ததைப் பார்த்து நாங்கள் கனநேரம் நின்றுவிட்டோம்.

கடிதம் போடுகிறவர்களுக்கு: ஓடர் நகருக்கு 15230 என்பது போல 15இல் தொடங்கும் இலக்கம் வரும். ரிக்கற்றில் அடைப்புக்குள் இருப்பதை வாசியுங்கள்.

திரும்பும்போது தம்பி ஆற்றோரத்தில் ஒரு வாங்கைக் காட்டினான். அன்றைக்கு அதில்தான் இருந்தானாம்.