ராம்போ 4: கைதட்டவும் முடியவில்லை, கண்ணை மூடவும் முடியவில்லை!

ராம்போ என்றதும் தலையில் கட்டிய சிவப்புத் துணியும் கையில் மெஷின் கன்னும்தான் பலருக்கு ஞாபகம் வரும். ஆனால், 1982-ல் வந்த முதல் படமான 'ஃபர்ஸ்ட் பிளட்'டில் சாவது ஒரே ஒருவர்தான். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரனை ஒரு ஊர் விரட்டியடிக்கும் கதை அது. கடைசியில் ராம்போ உடைந்துபோய் அழுவான்.

அந்த ஞாபகத்தோடு 2008-ல் வந்த நான்காம் பாகத்தைப் பார்க்க உட்காருபவருக்குத் தூக்கிவாரிப்போடும். இங்கே சாவு இருநூறைத் தாண்டுகிறது. பாதிப் படத்திலேயே எண்ணுவதை விட்டுவிடுவோம்.

கதை நடப்பது பர்மாவில். 1949 முதல் அந்நாட்டு ராணுவத்தோடு போராடிவரும் கரேன் இன மக்களின் மண். தண்ணீர் நிற்கும் வயலில் கண்ணிவெடிகளை வீசிவிட்டு, பிடித்துவந்த கிராமத்தாரை அதில் ஓடவிட்டுப் பந்தயம் கட்டுகிறார்கள் சிப்பாய்கள். படத்தின் ஆரம்பமே இதுதான். விசில் அடிக்க வந்தவருக்கும் வாய் உலர்ந்துவிடும்.

கரேன் மக்களுக்கு மருந்து கொண்டுபோகும் அமெரிக்க மிஷனரிகளைத் தன் படகில் அழைத்துப்போகிறான் ராம்போ. வழியில் அவன் கொள்ளையர்களைச் சுட்டுக்கொல்ல, அந்தக் குழுவின் தலைவர் மைக்கேல் கொதித்துப்போகிறார். கொலை எந்தக் காரணத்துக்காகவும் சரியாகாது என்பது அவர் கட்சி. அதே மைக்கேல் இறுதிச் சண்டையில் ஒரு சிப்பாயைக் கல்லால் அடித்தே கொல்கிறார். ஜீப்பில் பொருத்திய பெரிய துப்பாக்கியால் ராம்போ உடல்களைச் சிதறடிக்கும் காட்சிகூட மறந்துபோகும். அந்தக் கல் மறக்காது. அவரைக் குற்றம் சொல்லவும் மனசு வரவில்லை, பாராட்டவும் வரவில்லை.

குறை இல்லாமல் இல்லை. கரேன் மக்களுக்குப் பேச அதிக வசனமே கிடையாது. அவர்கள் ஓடுகிறார்கள், அழுகிறார்கள், சாகிறார்கள். காப்பாற்ற வெளிநாட்டுக்காரர்தான் வரவேண்டியிருக்கிறது.

ஆனாலும் இதை வெறும் ரத்தக்களறி என்று ஒதுக்க முடியாமல் செய்யும் தகவல் ஒன்று உண்டு. படத்தின் கொடூரமான ராணுவ அதிகாரியாக நடித்த மாங் மாங் கின், நிஜத்தில் கரேன் போராளியாக இருந்தவர். தன் மக்களை வதைத்தவர்களின் சீருடையைத் தானே போட்டுக்கொண்டு நடித்திருக்கிறார். பர்மா அரசு படத்தைத் தடைசெய்தது. ஆனால், திருட்டு டிவிடியாக அது அங்கே கைமாறிக்கொண்டே இருந்தது. நமக்கு 'ஓவர்' என்று தோன்றிய வன்முறை, அங்கிருந்தவர்களுக்கு யாரோ ஒருவர் கடைசியில் காட்டிய உண்மையாகப் பட்டிருக்கலாம்.

சண்டை முடிந்ததும் ராம்போ அமெரிக்காவில் இருக்கும் அப்பாவின் பண்ணைக்கு நடந்துபோகிறான். படம் முடிகிறது. கரேன் மக்களின் போர் முடியவில்லை. 2021 ராணுவப் புரட்சிக்குப் பிறகு இன்னும் மூர்க்கமாகிவிட்டது.

பார்ப்பதாக இருந்தால் குழந்தைகள் தூங்கிய பிறகு பாருங்கள். சாப்பிட்டுக்கொண்டே பார்க்க வேண்டாம்.