எழுநூறு சொல்லுக்குள்

கருத்துப் பக்கத்துக்குப் பயிற்சிக்கு வரும் மாணவர்கள் கையில் முதலில் விழுவது வாசகர் கடிதக் கட்டு. சென்னையில் ஒரு தமிழ் நாளிதழின் நடுப்பக்கப் பிரிவில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தேர்வு முடிந்த கையோடு, கோடை விடுமுறைக்கு உதவித்தொகை கொடுத்து எடுக்கப்பட்டவர்கள். நீட்டைப் பற்றியும் தேர்தலைப் பற்றியும் எழுதித் தள்ளும் வேகத்தில் வந்தவர்கள், பாமினி எழுத்துருவில் வந்த கடிதங்களை யூனிகோடுக்கு மாற்றி, இடம் மாறிக் கிடந்த கொம்புகளையும் கால்களையும் சரிசெய்துகொண்டிருந்தார்கள்.

விழுப்புரம் பக்கமிருந்து வந்த இதழியல் மாணவி ஒருவருக்கு மட்டும் அன்று கட்டுரை கிடைத்திருந்தது. பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் பற்றி ஒரு பேராசிரியர் எழுதியது. ஆயிரத்து நானூறு சொல். பக்கத்தில் இடம் எழுநூறுக்குத்தான். மாணவி உடனே வெட்டத் தொடங்கவில்லை. பிரிண்ட் எடுத்து, ஆண்டும் எண்ணும் பெயரும் வந்த இடங்களில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே போனார். திட்டம் தொடங்கியது 2022 செப்டம்பர் 15, மதுரையில், சரி. ‘1956-ல் காமராஜர் கொண்டுவந்த சத்துணவுத் திட்டம்’ என்ற வரியில் நின்றுவிட்டார்.

“அக்கா, காமராஜர் கொண்டுவந்தது மதிய உணவு. சத்துணவு எம்.ஜி.ஆரோடது, 1982.”

“எதுல பார்த்தே?” பக்கப் பொறுப்பாளர் திரும்பாமலே கேட்டார்.

“போன்ல.”

“லைப்ரரியில பழைய ஃபைல் இருக்கும், போய்ப் பாரும்மா.”

1982 ஜூலை மாத பைண்டிங்கைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தார். ஜூலை 1 என்பது உறுதியானது. அதே வேகத்தில் 1920-ஐயும் சேர்க்கப் பார்த்தார். தியாகராயர் காலத்தில் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் உணவு கொடுத்ததைப் பேராசிரியர் சொல்லவே இல்லையே என்று ஆதங்கம். பொறுப்பாளர் ஒத்துக்கொள்ளவில்லை. “தப்பைத் திருத்தலாம். அவர் சொல்லாததை அவர் பேர்ல நாம சொல்லக் கூடாது.”

பிறகுதான் கத்திரி. முதல் இரண்டு பத்திகளும் அப்படியே போயின. மேடைப் பேச்சாளர் தொண்டையைச் செருமிக்கொள்வதுபோல் கட்டுரையாளர்கள் செருமிக்கொள்ளும் இடம் அது. மேற்கோள்களில் பாதி போயிற்று. அரசைக் குறைசொன்ன பத்தி மட்டும் முழுசாக நின்றது. அதில் தனக்கு உடன்பாடில்லை என்பது மாணவியின் முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் அதில் கைவைக்கவில்லை. கட்டுரை எழுதக் கற்பதைவிட இது கஷ்டம் என்று எனக்குப் பட்டது.

மாணவர்கள் பத்திரிகையில் கருத்துச் சொல்வது இந்த ஊருக்குப் புதிதல்ல. 1878-ல் முத்துசாமி அய்யர் உயர் நீதிமன்ற நீதிபதியாக நியமிக்கப்பட்டதை ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் எதிர்த்தன. பதில் சொல்வதற்கென்றே ‘தி இந்து’வைத் தொடங்கிய ஆறு இளைஞர்களில் நான்கு பேர் சட்ட மாணவர்கள். ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி 80 பிரதி அச்சடித்தார்கள்.

இன்று விழுப்புரத்திலிருந்து வருகிறவருக்கு ஒன்றே முக்கால் ரூபாயில் வேலை நடக்காது. இங்கே தரும் தொகை விடுதி வாடகைக்கும் மெஸ்ஸுக்கும் சரியாகப் போகிறது. இதுவும் இல்லையென்றால் லீவுக்கு ஜவுளிக்கடையில் பில் போடப் போயிருப்பேன் என்றார் மாணவி. ‘அனுபவம்தான் சம்பளம்’ என்கிற அலுவலகங்களுக்குச் சென்னையில் வீடுள்ள பிள்ளைகள்தான் போக முடியும். அப்புறம் நெல் கொள்முதலைப் பற்றி எழுத ஆள் கிடைக்கவில்லை என்று அங்கேயே புலம்புவார்கள். 1955-ல் வந்த உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் தலையங்கம் எழுதுபவரிலிருந்து பிழை திருத்துபவர் வரை பேர் சொல்லிச் சேர்த்தது. கோடைக்கு வந்துபோகும் மாணவரைச் சொல்லவில்லை. கொடுப்பதும் கொடுக்காததும் பெரும்பாலும் நிர்வாகத்தின் மனசுதான்.

மாலையில் மாணவியே பேராசிரியருக்கு போன் போட்டார். சத்துணவுத் திருத்தத்துக்கு நன்றி சொன்னவர், முதல் பத்தி போனதற்குக் கொதித்தார்.

“சார், அதுல ஒரு வரி திரும்பச் சேர்க்கலாம் சார். பதிலுக்கு எதை எடுக்கட்டும்?”

அந்தப் பக்கம் பேச்சு நீண்டது. லேஅவுட் செய்பவர் கடிகாரத்தைக் காட்டினார். ஒருவழியாகப் பேராசிரியர் ஒரு மேற்கோளை விட்டுக்கொடுத்தார். எடுத்துப் பார்த்தால் இன்னும் நாலு சொல் கூடுதல். மறுபடியும் அவருக்கே போன் போட வேண்டியிருந்தது.