‘டா’வைத் திருப்பிக் கொடுத்த பாட்டு

எங்க திருவேங்கடம் பக்கத்தில் அறுபது வயசு ஆளையும் பத்து வயசுப் பொடியன் ‘ஏலே, வாடா’ என்று கூப்பிட்ட காலம் உண்டு. ‘என்ன சாமி’ என்று ஓடித்தான் எங்க தாத்தாமார் பிழைத்தார்கள். பேர் கிடையாது, முறை கிடையாது, வெறும் ‘டா’. அந்த ‘டா’வைக் கூப்பிட்டவன் முகத்துக்கு நேரே திருப்பிய பாட்டுதான் ‘மனுசங்கடா’.

எழுதியவர் இன்குலாப். 1944இல் கீழக்கரையில் பிறந்தவர். இயற்பெயர் சாகுல் அமீது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட மக்களில் 44 பேரைக் குடிசையோடு கொளுத்தினார்கள். வழக்கில் தண்டிக்கப்பட்ட மிராசுதாரை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. அந்த நெருப்போடு சேர்த்துத்தான் இந்தப் பாட்டை இன்றைக்கும் பேசுகிறோம்.

ஏட்டில் கிடக்கிற கவிதை சேரிக்குள் தானா நடந்து வருமா? கொண்டுவந்து சேர்த்தது கே.ஏ.குணசேகரனின் தொண்டை. 1955இல் சிவகங்கைச் சீமை மாரந்தையில் பிறந்த தலித் பிள்ளை அவர். பட்ட அவமானங்களை ‘வடு’ (2005) நூலில் எழுதியிருக்கிறார். நாட்டுப்புறப் பாட்டு என்றால் தெம்மாங்கும் கேலியும் என்று ரசித்துக்கொண்டிருந்தவர்கள் முன்னால், ‘தன்னானே’ குழுவோடு இதைப் பாடினார். ஒலிநாடாவாகவும் வந்தது. இன்குலாப் எழுதிய ‘நாங்க’, அவர் வாயில் வந்தபோது நெசமாவே நாங்களானோம்.

பறை விஷயத்தில் மட்டும் எங்க காலனியில் சண்டை உண்டு. ‘ஊர்ச் சாவுக்கு அடிக்க மாட்டோம்னு தூக்கிப் போட்டதை மேடையில் அடிக்கச் சொல்றியாடே?’ என்று சித்தப்பா கேட்டார். நியாயமான கேள்வி. அவர் தலைமுறை அதுக்காகப் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. ‘யார் ஏவி, யாருக்காக அடிக்கிறோம்னு பாருங்க சித்தப்பா. வேண்டாம்னா வேண்டாம்னு வைக்கிற உரிமையும் நம்ம கையில இருக்கணும்’ என்றேன். அவர் முழுசா ஒத்துக்கொள்ளவில்லை.

எம்.ஏ.வில் தொல்காப்பியச் சொல்லதிகாரம் படித்தேன். மக்கள் என்றால் உயர்திணை என்கிறது முதல் நூற்பா. இலக்கணம் ஒத்துக்கிட்டதை ஊர் ஒத்துக்கலையே! அதனாலதான் மனுசன் என்பதையே பாட்டாப் பாட வேண்டியிருந்தது.

2016 ஜனவரி 17இல் குணசேகரன் போனார். அதே வருசம் டிசம்பர் 1இல் இன்குலாப் போனார். மறுவருசம் இன்குலாப்புக்கு அறிவித்த சாகித்திய அகாதமி விருதை அவர் குடும்பம் வேண்டாமென்றது. 2018இல் அம்ஷன் குமாரின் ‘மனுசங்கடா’ படம் திரைக்கு வந்தது. அப்பாவின் பிணத்தைப் பொதுப்பாதையில் கொண்டுபோக ஒரு மகன் கோர்ட்டுப் படி ஏறுகிற கதை. வெண்மணி முடிந்து அரை நூற்றாண்டு; அதே பேரில் ஒரு படம் எடுக்க வேண்டியிருக்கு.

எங்க பிள்ளைகள் இப்போ இதைச் செல்போனில் கேட்கிறார்கள். நல்லது. எழுதினவர் யார், பாடினவர் யார், எந்த நெருப்பை நினைச்சுப் பாடுறோம் என்று தெரிஞ்சு பாடுங்க தம்பிகளா.