பின்சீற்றில் புதைந்து கிடந்த பெல்ட்

கந்தளாயில் எங்கட கூட்டாளி ஒருவனின் மாமா, பாவித்த டொயோட்டா கிரௌன் ஒன்று வாங்கினார். 2020இல் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025இல்தான் திரும்பத் திறந்தார்கள். இடையில் பழைய கார்களின் விலையே தலைசுற்ற வைத்தது. அப்படிப்பட்ட காலத்தில் வந்த கார் என்பதால் பக்கத்து வீட்டுச் சனமெல்லாம் வந்து தொட்டுப் பார்த்தது.

அம்மம்மாவைத் திருகோணமலைக்குக் கண் கிளினிக் கூட்டிப்போகும் வேலையை மாமா எங்கள் மூன்று பேரிடமும் தந்தார். புறப்படும் முன் அரை மணித்தியாலம் காரோடு விளையாடினோம். சாரதி சீற்றில் 1, 2 என்று பொத்தான்கள். ஒருமுறை பதிந்து வைத்தால், அமத்தியதும் சீற் தானாக அவரவர் அளவுக்கு நகரும். ரேடியோதான் ஏமாற்றியது. ஜப்பானில் எப்.எம். 76இல் தொடங்கி 95இல் முடிந்துவிடும்; எங்கட நிலையங்கள் பெரும்பாலும் அதற்கு மேலே. புளூடூத்தில் பாட்டைப் போட்டோம்.

ஸ்டார்ட் பண்ணும் போதெல்லாம் ஒரு பெண்குரல் ஜப்பானிய மொழியில் ஏதோ சொன்னது. அந்த நாட்டு நெடுஞ்சாலைக் கட்டணத்துக்கான அட்டை போடவில்லை என்ற முறைப்பாடாம். சிரித்துவிட்டு சத்தத்தைக் கூட்டினோம். முன்னால் பெல்ட் போடாவிட்டால் கார் கீகீ என்று கத்தியது, போட்டோம். பின்சீற்றைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. பெல்ட் கொழுவும் பூட்டுகள் புது சீற் கவருக்கு அடியில் புதைந்து கிடந்தன. நாங்களும் தேடவில்லை.

திரும்பி வரும்போது இருட்டிவிட்டது. தம்பலகாமம் சந்தி தாண்டி, நடு ரோட்டில் மாடுகள் படுத்திருந்தன. எங்களில் ஓட்டியவன் பிரேக்கை முழுசாக மிதித்தான். பெடல் காலுக்குக் கீழே நடுங்கியது. அது ஏ.பி.எஸ். வேலை செய்யும் அடையாளம்; சில்லுகள் இறுகாமல் கார் நேராக நின்றது. மாட்டில் முட்டவில்லை. ஆனால் அம்மம்மாவின் நெற்றி முன்சீற்றில் மோதியது. மூன்று தையல்.

அன்றிரவு மாமா எங்களை ஏசவில்லை. அதுதான் கூட வலித்தது.

பிறகுதான் வாசித்தோம். இந்த மூன்று முனை பெல்டை 1959இல் வோல்வோவின் பொறியியலாளர் நீல்ஸ் போலின் கொண்டுவந்தார். மற்ற நிறுவனங்களும் செய்யட்டும் என்று வோல்வோ காப்புரிமையைத் திறந்துவிட்டது. ஜப்பானில் 2008இலேயே பின்சீற்றிலும் பெல்ட் கட்டாயம். இலங்கையில் 2011இல் அது வந்தபோது முன்சீற்றுக்கு மட்டும்தான். பின்னால் இருப்பவர்கள் பத்திரம் என்ற எண்ணம் எங்களுக்கும் அங்கிருந்துதான் ஒட்டியிருக்க வேணும்.

கவரைக் கிழித்துப் பூட்டுகளை வெளியே எடுத்தோம். கீழ்ப்பட்டி வயிற்றில் இல்லாமல் இடுப்பெலும்பில் படிய வேணும், மேற்பட்டி கழுத்தை உரசாமல் தோள் நடுவால் போக வேணும், சீற்றை அதிகம் சரித்தால் பெல்ட் பிடிக்காது. ஒவ்வொன்றாக அம்மம்மாவுக்குக் காட்டினோம்.

"கட்டிப் போட்டே கொண்டு போகப் போறியள்?" என்று சிரித்தார்.

அடுத்த கிளினிக் நாளில் பாட்டைப் போட யாரும் அவசரப்படவில்லை. அம்மம்மா ஏறியதும் நெற்றித் தழும்பைத் தடவிக்கொண்டு கேட்டார்: "எங்க தம்பி அந்தப் பட்டி?"